பேரப்பிள்ளை முகத்தை நீர்வண்ணத்தில் வரைய: எந்தப் படம், எந்தத் தாள், எந்த முறை?

ஐந்து வயதுக்குட்பட்ட பேரனையோ பேத்தியையோ நீர்வண்ணத்தில் வரைய ஆசைப்படும் தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் முதலில் கிளம்புவது பெயிண்ட் வாங்கத்தான். 24 கலர் பெட்டி வீட்டுக்கு வரும். அலமாரியில் கிடக்கும் டிராயிங் நோட்டில் தொடங்குவார்கள். இரண்டாவது பூச்சிலேயே தாள் திரிதிரியாகக் கிளம்பும். ‘நமக்கு வராது’ என்று மூடி வைத்துவிடுவார்கள். கோளாறு கையில் இல்லை, வாங்கிய வரிசையில் இருக்கிறது. முதலில் படம், அடுத்து தாள், பிறகு வரையும் முறை, கடைசியில்தான் பெயிண்ட்.

சின்னப் பிள்ளை முகத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. பெரியவர் முகமென்றால் சுருக்கம், கன்ன எலும்பு, மீசை, கண்ணாடி என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சாயலைக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாமே வழவழப்பு. கண்ணுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட தூரம், மேலுதட்டின் வளைவு என ஓரிரு மில்லிமீட்டர் சமாச்சாரங்களில்தான் சாயல் ஒளிந்திருக்கிறது. நீர்வண்ணமோ அழித்துத் திருத்த அதிகம் இடம் தராதது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு தேர்விலும் கேட்க வேண்டியது ஒன்றே: முகத்தின் மேல் தூரிகை படும் தடவைகளை எது குறைக்கும்?

நேரிலா, போட்டோவா

இரண்டு வயதுப் பிள்ளை முகத்தைத் திருப்பாமல் இருப்பது தூக்கத்தில் மட்டும்தான். டிவி முன்னால் உட்காரவைத்தால் அசையாமல் இருக்கும்; ஆனால் வாய் லேசாகப் பிளந்து கண் நிலைகுத்திப் போகும், திரையின் நீல வெளிச்சமும் கன்னத்தில் ஏறும். அந்த முகத்தைப் பெற்றவர்களே ‘இது யாரு’ என்பார்கள். ஆகவே உருவத்துக்குப் போட்டோதான். ஆனால் நிறத்தில் போட்டோ பொய் சொல்லும். போன் கேமரா தோலை வெளுப்பாக்கும், மஞ்சளாக்கும், சில போன்கள் கேட்காமலே மினுமினுப்பாக்கும். பிள்ளை பக்கத்தில் இருந்தால், நிறத்துக்கு மட்டும் நேரில் பாருங்கள். ஒரு விரல் அகலத் தாள் துண்டில் நாலைந்து கலவைகளைத் தடவி, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் எது சரி என்று சட்டென்று தெரியும். ஈரமாக இருக்கும்போது ஒப்பிடக் கூடாது. காய்ந்தால் நீர்வண்ணம் வெளுத்துவிடும்.

போட்டோ எடுப்பதிலும் தேர்வு உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கும் நெற்றியும் புடைத்து, காது பின்னால் ஓடிவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் நெற்றி பெரிதாகித் தாடை காணாமல் போயிருக்கும். பிள்ளையின் கண் மட்டத்துக்குப் போனை இறக்க வேண்டும், தரையில் உட்கார முடியாதவர்கள் பிள்ளையை நாற்காலியில் ஏற்றிவிடலாம். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், அறையின் டியூப்லைட் அணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் முகத்தின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி நிழலாகவும் பிரியும். நீர்வண்ணக்காரருக்கு அந்தப் பிரிவு பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய வீட்டுத் திண்ணையும் நல்ல இடம்தான். சிவப்பு சிமெண்ட் தரை என்றால் தாடைக்கு அடியில் ஒரு செம்மை எதிரொளிக்கும், அதை அப்படியே வரையலாம்.

ஓடும் பிள்ளைக்குப் போட்டோவைவிட வீடியோ கைகொடுக்கும். 4கே வீடியோவில் ஒரு ஃப்ரேம் என்பது 3840க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். 5 அங்குல முகத்துக்கு அது தாராளம். ஒரு நிமிட வீடியோவில் முகம் தெளிவாக நிற்கும் ஃப்ரேம்கள் சில நிச்சயம் அகப்படும்.

பேரப்பிள்ளைகள் நியூஜெர்சியிலோ சிட்னியிலோ இருந்தால் படம் வாட்ஸ்அப்பில்தான் வரும். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். பெரிதாக்கும்போது கண்ணிமையின் ஓரம் கட்டம் கட்டமாகத் தெரியும். மகளிடமோ மருமகளிடமோ டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, அதே நாளில் எடுத்த வேறு நாலு படமும் கேளுங்கள். ஒரு படத்தில் இருட்டில் மறைந்த காது இன்னொன்றில் தெரியும்.

சிரிப்பு விஷயத்தில் எங்கள் கட்சி இது: முதல் படத்துக்குப் பல் தெரியச் சிரிக்கும் போட்டோவை எடுக்காதீர்கள். வாய்விட்டுச் சிரிக்கும்போது கண் கோடாகச் சுருங்கும், கன்னம் மேலேறும். பிள்ளையின் கண்தான் சாயலில் பாதி, அதையே இழந்துவிடுவோம். உதடு மூடி, கண் விரிந்த, சற்றே பக்கவாட்டில் திரும்பிய முகம்தான் எளிது.

தாளுக்கு மாற்றும் வழி

கை தேர்ந்தவர்கள் நேரடியாக வரையட்டும். மற்றவர்களுக்குக் கட்டம் போடுவது, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வரைவது, கார்பன் முறை என மூன்று உண்டு. எதிலும் அவமானம் இல்லை.

கட்டத்தை நீர்வண்ணத் தாளின் மேலேயே போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிறகு அழிக்கும்போது, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சவிடாமல் காக்கும் தாளின் மேல்பசை கெட்டு, அங்கே பெயிண்ட் திட்டாக இறங்கும். டிரேசிங் தாளில் கட்டம் போட்டு வரைந்து முடித்துவிட்டு, கோடுகளை மட்டும் நல்ல தாளுக்கு மாற்றுங்கள். முகத்துக்கு 1 அங்குலக் கட்டம், கண்ணையும் வாயையும் சுற்றி அரை அங்குலம்.

மாற்றுவதற்கு டைப்பிங் கார்பன் கூடாது. அதில் மெழுகு இருக்கிறது, தண்ணீர் ஒட்டாது, கோடும் அழியாது. டிரேசிங் தாளின் பின்புறம் 4பி பென்சிலால் நன்றாகத் தேய்த்து, பஞ்சால் துடைத்துவிட்டு, முன்புறம் மெல்லிய பால்பாயின்ட் பேனாவால் கோட்டின் மேல் ஓட்டினால் போதும். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பள்ளத்தில் நிறம் தேங்கிக் கன்னத்தில் கறுப்புக் கீறலாக நிற்கும். ஜன்னல் முறை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளுக்கும் நல்ல வெயில் இருந்தால் வேலை செய்யும், ஆனால் கையைத் தூக்கியபடியே அரை மணி நிற்க வேண்டும், தோள்வலிக்காரர்களுக்கு ஆகாது.

டிரேஸ் செய்தாலும் அளவு சரிபார்க்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்கு உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுவே கோடு போட்டால் அது புருவத்தை ஒட்டி விழும், கண் அதற்குக் கீழே இருக்கும். வளர வளரக் கண் அந்தக் கோட்டை நெருங்கி, பெரியவர்களுக்கு நட்டநடுவில் வந்துவிடும். பழக்கதோஷத்தில் கண்ணை நடுவில் வைத்தால் ஒரு வயதுப் பிள்ளைக்கு ஏழு வயது ஆகிவிடும். கருவிழி இன்னொன்று: பிறந்த குழந்தைக்கே சுமார் 10 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 12க்குச் சற்றுக் குறைவு. அதாவது முகம் வளரும் அளவுக்குக் கருவிழி வளர்வதில்லை. சின்ன முகத்தில் அது அவ்வளவு இடத்தைப் பிடித்திருப்பது அதனால்தான், நம்பி அப்படியே வரையுங்கள்.

உச்சி முதல் தாடை வரை 4 முதல் 5 அங்குலம் நல்ல அளவு. 3 அங்குலத்துக்குக் கீழே போனால் கண்ணுக்குள் தூரிகை நுழையாது. நிஜ அளவைத் தாண்டினால் குழந்தை பூதாகாரமாகத் தெரியும்.

தாள்: காசு செலவழிக்க வேண்டிய இடம்

கையில் இருக்கும் பணத்தில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் தயங்காமல் தாள் என்போம். மாணவர் ரகப் பெயிண்டை நல்ல தாளில் வைத்து நல்ல படம் எடுக்கலாம். உயர்ந்த பெயிண்டை மட்டமான தாளில் வைத்து எடுக்க முடியாது.

மரக்கூழ்த் தாளுக்கும் பருத்தித் தாளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது பூச்சில்தான் தெரியும். மரக்கூழ்த் தாளில் நிறம் மேலாக உட்கார்ந்திருக்கும். மேலே இன்னொரு பூச்சு போட்டால் கீழே இருப்பது கிளம்பி, இரண்டும் கலந்து சேறாகும். ஓரங்கள் சீக்கிரம் காய்ந்து கோடு விழும். நூறு சதவீதப் பருத்தித் தாள் ஈரத்தை உள்ளே வாங்கி நிதானமாக விடும். கன்னத்தின் உருட்சியைக் கரைத்துவிட நேரம் கிடைக்கும், காய்ந்த பூச்சு அசையாது. ஆர்ச்சஸ், சான்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட், ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ எல்லாம் இந்த வகை. 25 சதவீதப் பருத்தி கலந்த பேடுகள் இடைப்பட்டவை. பழகுவதற்கும் நிறம் சோதிப்பதற்கும் போதும்.

விலை உறுத்தினால் பேட் வாங்காமல் முழு ஷீட்டாக வாங்குங்கள். 22க்கு 30 அங்குல ஷீட்டை நாலாக வெட்டினால் 11க்கு 15 அளவில் நாலு படம். ஒரு முகமும் தோளும் வைக்க அது சரியான அளவு. எட்டாக வெட்டினால் சோதனைத் துண்டுகள். கனம் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. 200 ஜிஎஸ்எம் தாள் ஈரம் பட்டதும் அலையாக எழும், பள்ளங்களில் நிறம் தேங்கும். 640 ஜிஎஸ்எம் அசையவே அசையாது, ஆனால் விலை இரண்டு மடங்குக்குப் பக்கம் போகும். 300ஐ நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டுப் பலகையில் ஒட்டினாலே காரியம் முடிந்துவிடும்.

மேற்பரப்பில் மூன்று ரகம். ஹாட் பிரஸ் வழவழப்பு, கோல்டு பிரஸ் மெல்லிய சொரசொரப்பு, ரஃப் நல்ல சொரசொரப்பு. ரஃப்பை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள், குழந்தைத் தோலில் வேர்க்குரு போட்ட மாதிரி இருக்கும். ஹாட் பிரஸ்ஸில் கண்ணும் உதடும் துல்லியமாக விழும், பூச்சை எளிதாக ஒற்றியெடுக்கலாம். ஆனால் பூச்சு வழுக்கிக்கொண்டு ஓடும், ஓரம் கத்தியால் வெட்டியது போல் காயும். பழக்கமில்லாத கைக்கு கோல்டு பிரஸ்தான். பென்சில் வேலை அதிகம் வைத்து மெல்லிய பூச்சு கொடுப்பவர்களுக்கு மட்டும் ஹாட் பிரஸ்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பரணில் கிடந்த தாளின் மேல்பசை செத்துப்போயிருக்கும். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். பெயிண்ட் வைத்ததும் கரும்புள்ளிகளாக உள்ளே இறங்கும். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் சரி, உடனே உறிஞ்சிக் கறுத்தால் அந்தத் தாள் பென்சில் படத்துக்குத்தான் ஆகும். வாங்கியதும் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, படுக்கைவசத்தில் பீரோவுக்குள் வையுங்கள்.

மூன்று முறைகள்

பென்சில் கோடும் மெல்லிய பூச்சும்: இதில் பாதி வேலையைக் கோடு செய்துவிடும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும். தூங்கும் கைக்குழந்தைக்கும், பத்துப் பதினைந்து படங்களாக ஒரு ஆல்பம் சேர்க்க நினைப்பவர்களுக்கும் ஏற்றது. கோடு பென்சிலில் இருந்தால்தான் இது எடுபடும். கறுப்பு இங்க்கில் மூக்கையும் வாயையும் வரைந்தால் பிள்ளைக்கு முப்பது வயது கூடிவிடும். இங்க் வேண்டுமென்றால் தண்ணீருக்குக் கரையாத பழுப்பு இங்க், அதுவும் தலைமுடிக்கும் சட்டைக்கும் மட்டும். பென்சில் எச்பி போதும். 4பி தூள் கிளம்பிப் பூச்சை அழுக்காக்கும், 2எச் தாளைக் கீறும்.

அடுக்குப் பூச்சு: ஒவ்வொரு அடுக்கும் முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. மூன்று உட்காரலில் முடிக்கலாம், நடுவில் எழுந்து போகலாம், யோசிக்கலாம். நிதானமான கைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

முதல் அடுக்கில் முகம், காது, கழுத்து முழுவதற்கும் நீர்த்த மஞ்சள் ஓக்கரும் துளி ரோஸும். பட்டாணி அளவு பெயிண்டுக்கு இரண்டு டீஸ்பூன் தண்ணீர். அது ஈரமாக இருக்கும்போதே கன்னம், மூக்கு நுனி, காது மடலில் ரோஸைத் தொட்டுவிட்டால் தானாகப் பரவி நிற்கும். இரண்டாவது அடுக்கில் நிழல். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், மூக்கடி, கீழுதட்டின் அடி, தாடையடி எல்லாம் தனித்தனித் திட்டுகளாக இல்லாமல் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஒரே வடிவமாக. கன்னத்தின் பக்கம் இருக்கும் ஓரத்தை, கழுவித் துணியில் ஒற்றிய தூரிகையால் கரைத்துவிடுங்கள். தாடையடி ஓரம் மட்டும் அப்படியே கூர்மையாக நிற்கட்டும். மூன்றாவதில் தலைமுடியும் கண்ணும் வாயும். நாலாவது, தேவைப்பட்டால், நிழலுக்கு இன்னொரு மெல்லிய பூச்சு. அதோடு நிறுத்திவிட வேண்டும். ஐந்தாவது ஆறாவது அடுக்கில் தோல் மங்கி மண்ணாகும். ஓக்கர் போன்ற ஒளிபுகா நிறங்கள் மேல் அடுக்கில் வந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அவற்றை முதல் அடுக்கோடு முடித்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம், மழைநாளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஹேர் டிரையர் பயன்படுத்தலாம், பூச்சின் பளபளப்பு போன பிறகு, ஒன்றரை அடி தள்ளி. அதற்கு முன்னால் ஊதினால் காற்று நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் கோடு கட்டும்.

ஈரத்தில் ஈரம்: தாளை இரு பக்கமும் நனைத்து அக்ரிலிக் தகட்டின் மேல் படுக்கவைத்தால் அரை மணி அளவுக்கு ஈரம் நிற்கும், ஃபேன் அணைந்திருந்தால். அதற்குள் முகம், முடி, பின்னணி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக வழிந்துவிட வேண்டும். குழந்தைத் தோலின் மென்மை இந்த முறையில் வருவது போல் வேறெதிலும் வராது. சாயல் தப்புவதும் இதில்தான். காயும்போது நன்றாக வெளுத்துப்போகும் என்பதால், பார்க்கப் பயமாக இருக்கும் அளவுக்கு அடர்த்தியாகவே வைக்க வேண்டும். கண்ணும் உதடும் எப்படியும் காய்ந்த பிறகுதான்.

இதன் பரம எதிரி, ஓவியர்கள் காலிஃப்ளவர் என்று சொல்லும் கறை. பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது அதைவிட ஈரமான தூரிகை பட்டால், புதிய தண்ணீர் நிறத்துகள்களை வெளியே தள்ளி, விளிம்பு நெளிந்த ஒரு வளையத்தை உண்டாக்கும். பளபளப்பு போய்விட்டதா, முழுக்கக் காயும் வரை தொடாதீர்கள். கன்னத்தில் விழுந்துவிட்டால் காயவிட்டு, ஈரத் தூரிகையால் மெல்லத் தடவி டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். பருத்தித் தாளில் பெரும்பாலும் வந்துவிடும்.

எதை எடுப்பது? நீர்வண்ணத்துக்குப் புதியவர், ஒரே ஒரு நல்ல படம் வேண்டும் என்றால் அடுக்குப் பூச்சு. ஏற்கெனவே இயற்கைக் காட்சி வரைந்து பழகியவர் முதல் அடுக்கை ஈரத்தில் ஈரமாகவும் மீதியை அடுக்காகவும் போடலாம். தொழில் ஓவியர்களில் பலர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். கை நடுங்குகிறவர்களுக்குக் கோட்டு முறை ஆகாது, நடுங்கிய கோடு அப்படியே தெரியும். அவர்கள் முகத்தை 6 அங்குலமாகப் பெரிதாக்கி, இரண்டு கட்டையின் மேல் ஓர் அடி ஸ்கேலைப் பாலமாக வைத்து, அதில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு பூசலாம். மெல்லிய தூரிகையைத் தேட வேண்டாம். கூர்மையாக முனை கூடும் 8 அல்லது 10ஆம் எண் வட்டத் தூரிகை முகத்துக்கு, 4 கண்ணுக்கு. சின்னத் தூரிகை எடுத்தால் நூறு தடவை தொடத் தோன்றும்.

தோல் நிறம்

‘ஸ்கின் கலர்’, ‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று வரும் டியூபை வாங்காதீர்கள். வெள்ளை கலந்த இளஞ்சிவப்பு அது, பூசினால் மாவு படிந்த மாதிரி இருக்கும். யூடியூபில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கேட்மியம் சிவப்பும் ஓக்கரும் சேர்ந்த கலவையை அடர்த்தியாக்கினாலும் சரிவராது, நம் பிள்ளைகள் ஆரஞ்சு நிறமாகிவிடுவார்கள்.

ஆறு டியூப் போதும்: மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்மனென்ட் ரோஸ், கோபால்ட் ப்ளூ, அல்ட்ராமரைன் (அடர்நீலம்). மாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னாவோடு கொஞ்சம் ரோஸ், அதைவிடக் குறைவாக ஓக்கர். கறுத்த நிறத்துக்கு பர்ன்ட் அம்பரும் ரோஸும் அடிப்படை, நிழலுக்கு அதிலேயே அல்ட்ராமரைன். கறுத்த தோலில் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் விழும் ஒளி வெள்ளையாக இருக்காது, ஜன்னல் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். அங்கே முதல் அடுக்கில் மிக நீர்த்த கோபால்ட் ப்ளூ தடவினால் தோல் உயிர்பெறும். தாளின் வெள்ளையை மிச்சம் வைக்க வேண்டியது கண்ணின் ஒளிப்புள்ளிக்கு மட்டும்.

பிள்ளையை இரண்டு சாயல் வெளுப்பாக வரைந்து கொடுங்கள் என்று உறவில் யாராவது கேட்பார்கள். கேட்காதது போல் இருந்துவிடலாம். நிறத்தை வெளுத்தால் நிழலும் வெளுக்கும், மூக்கும் தாடையும் தட்டையாகும், சாயலும் கூடவே போய்விடும். அடர்த்தி சரியா என்று பார்க்கப் போட்டோவையும் உங்கள் படத்தையும் போனில் கறுப்பு வெள்ளையாக்கி அருகருகே வையுங்கள்.

மாணவர் ரகமா, ஓவியர் ரகமா என்பதில் ஒரு டியூபுக்கு மட்டும் பிடிவாதம் பிடிப்போம்: சிவப்பு. டியூபின் மேல் நிறமிக் குறியீடு போட்டிருக்கும். பி.ஆர். 83 என்றால் அசல் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளுக்கும். ஒளிரும் பிங்க்குகள் இன்னும் மோசம். சில வருடங்களில் கன்னத்துச் சிவப்பு மட்டும் போய், மஞ்சள் காமாலை வந்த பிள்ளை சுவரில் தொங்கும். பி.வி. 19 என்று போட்ட ரோஸ் நிலைக்கும். ஓக்கர், சியன்னா, அம்பர் எல்லாம் மண் நிறங்கள், மலிவான ரகத்திலும் அவ்வளவாக வெளுக்காது.

கண்புரை தொடங்கியவர்கள் நீலத்தைக் கண்ணை நம்பிக் கலக்கக் கூடாது. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை விழுங்கிவிடும். 1923இல் புரை அறுவை செய்துகொண்ட பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அதற்கு முந்தைய படங்கள் செம்பழுப்பில் மூழ்கியிருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். தட்டில் நிறங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்து, கலவையை அளவால் கலந்துகொள்ளலாம். விளக்கு 6500 கெல்வின் வெள்ளை எல்இடியாக இருக்கட்டும். மஞ்சள் பல்பில் கலந்த தோல் நிறம் பகலில் நீலம் பாரித்துத் தெரியும்.

கண், வாய், மொட்டை

கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. கோபால்ட் ப்ளூவில் துளி சியன்னா சேர்த்து, தண்ணீராக, மேலிமையின் நிழல் விழும் மேல்பாதியில் மட்டும். காய்ந்ததும் கருவிழியை பர்ன்ட் அம்பரில் முழு வட்டமாக வைக்காதீர்கள், மேல்பகுதி இமைக்குள் மறைந்திருக்க வேண்டும். முழு வட்டம் தெரிந்தால் பிள்ளை மிரண்டது போலிருக்கும். ஒளிப்புள்ளி ஜன்னல் இருந்த பக்கம் மேலே. அதற்கு நேரெதிரே கீழே, ஈரத் தூரிகையால் கருவிழியின் ஓரத்தைச் சற்று ஒற்றியெடுங்கள். பார்வை வருவது அந்த இடத்தில்தான். பிறகு பாவையும் (கருவிழியின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) மேலிமைக் கோடும் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்த கருமையில். டியூபிலிருந்து வரும் கறுப்பு வேண்டாம், ஓட்டை விழுந்தது போல் நிற்கும். இமை முடியை ஒவ்வொன்றாக வரையவும் வேண்டாம். மை தீட்டிய கண் என்றால் கீழ்க்கோட்டை மூக்குப்பக்க மூலையில் சற்று விட்டு இழுங்கள், முழுதும் மூடினால் கண் சிறுத்துவிடும். திருஷ்டிப் பொட்டை எல்லாம் முடிந்து காய்ந்தபின் ஒரே தொடலில்.

மூக்குக்குத் தண்டுக் கோடு போடவே கூடாது. அடியில் மெல்லிய நிழலும், துவாரத்துக்குச் செம்பழுப்பும் போதும். வாயோரத்திலிருந்து கன்னத்துக்குப் போகும் மடிப்பை வரைந்தால் பேரன் தாத்தாவாகிவிடுவான். பல் தெரிந்தால் மொத்தத்தையும் ஒரே வடிவமாக விட்டு, வாயின் இரு மூலைகளை மட்டும் கருமையாக்குங்கள். பல்லுக்குப் பல் இடைக்கோடு விழுந்தால் சொத்தைப் பல் மாதிரி தெரியும்.

மொட்டை போட்ட புதிதில் எடுத்த படம் பலர் வீட்டில் பிரியமானது. மண்டையின் தோல் முகத்தைவிட வெளுப்பாகவும் சாம்பல் பூத்தும் இருக்கும். தோல் நிறத்தில் கோபால்ட் ப்ளூ சேர்த்து, மயிர்க்கோடு இருந்த இடத்தை ஈரத்தில் கரைத்துவிட வேண்டும். பின்னால் வெளிச்சம் இருந்தால் காது மடல் சிவந்து ஒளிரும், அங்கே தயங்காமல் ரோஸும் சியன்னாவும்.

அண்ணன் தங்கை இருவரையும் ஒரே தாளில் கேட்டால், ஒரே நேரத்தில் எடுத்த போட்டோ இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு படங்களை ஒட்டினால் ஒருவருக்கு இடப்பக்க வெளிச்சம், மற்றவருக்கு வலப்பக்கம். தனித்தனியாக வரைந்து ஒரே அளவு ஃப்ரேமில் பக்கத்தில் மாட்டலாம்.

ஃப்ரேம்

ஃப்ரேம் கடையில் லேமினேஷன் போடச் சொல்வார்கள், செலவும் குறைவு. வேண்டாம். சூடும் பசையும் தாளைப் பாழாக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. கண்ணாடி போட்ட ஃப்ரேம், ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்கால ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும், பூசணம் பிடிக்கும். இடைவெளிக்கு 2 மில்லிமீட்டராவது கனமுள்ள, அமிலம் நீக்கிய மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் சாதாரண செல்லோடேப் ஒட்ட விடாதீர்கள், மஞ்சளாகி முன்பக்கம் வரை ஊறும். மாட்டும் சுவர் வெளிச்சுவராக இருந்தால் ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டி, பின்னால் காற்றுப் போக வழி விடுங்கள்.